கம்பியைச் சுற்றிய கயிறு: வடசென்னையில் ஐந்து நாள்

முதல் நாள், ஜூன் 10, தண்டையார்பேட்டை

பெங்களூரிலிருந்து காலை ரயிலில் கிளம்பி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி, தண்டையார்பேட்டையில் படியேறி வெளியே வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் முதலில் என்னைத் தாக்கியது சத்தம்தான். ஆட்டோ ஹாரன், லாரி பிரேக், வெல்டிங் கடை, எங்கோ தகரத்தை வெட்டும் ரம்பம். நான் வாழும் உலகம் இதற்கு நேர் எதிரானது. மூன்று வருடங்களாக நான் வேலை செய்வது ஓர் எதிரொலியற்ற அறையில். சுவர், கூரை, தரை என்று எல்லாப் பக்கமும் ஆப்பு ஆப்பாக நுரைப்பஞ்சு நீட்டிக்கொண்டிருக்கும். கதவைச் சாத்திவிட்டால் சொந்த ரத்த ஓட்டம் காதில் கேட்கும். அந்த அறைக்குள் வேகமாகக் காற்றை விட்டு, விமான இறக்கையின் சிறு மாதிரியை அதன் எதிரே நிறுத்தி, காற்று எந்த இடத்தில் கத்துகிறது, ஏன் கத்துகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் ஆராய்ச்சி.

ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது. மாமா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. பதினெட்டு வயதில் ஒரு மில்லின் தறிக்கூடத்தில் சேர்ந்தவர். மில் மூடும்வரை அங்கேயே இருந்தார். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டார்களாம். மில் மூடிய பிறகுதான் தெரிந்தது, வீட்டிலும் மாமா உதட்டைத்தான் பார்க்கிறார் என்று. இரைச்சலால் காது போகும்போது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 4,000 அதிர்வை, ஒட்டிய உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்துகள் கேட்கும், மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். மாமாவுக்குப் ‘பசி’யும் ‘பதி’யும் ஒன்றாகத்தான் விழுகின்றன. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். சட்டைப் பையில் வைத்திருக்கிறார். போட்டால் எல்லாச் சத்தமும் ஒரேயடியாகப் பெரிதாகிவிடுகிறது, வேண்டியது மட்டும் கேட்பதில்லை என்கிறார். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

“வாம்மா கண்ணு, இளைத்துவிட்டாயே” என்றார். அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டே என்னிடம், “மெதுவாகப் பேசு, முகத்தை நேராக வைத்துக்கொள், போதும்” என்று நினைவுபடுத்தினார்.

சாயங்காலம் மொட்டைமாடியில் மாமாவின் புறாக் கூண்டுகளுக்கு அருகில் உட்கார்ந்திருந்தோம். கடற்காற்று வந்துவிட்டிருந்தது. கிழக்கே, கடலுக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. விமான நிலையம் நகரத்தின் மறுகோடியில் இருப்பதால் இங்கே அதன் சத்தம் ஒரு மெல்லிய இழுப்பாகத்தான் கேட்டது. மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதில்தான் வேலை செய்கிறாயா?” என்றார். இதன் சத்தத்தில் என்றேன்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். 1952 மே மாதம் ‘காமெட்’ என்ற முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனிலிருந்து சேவையைத் தொடங்கியது. அதே 1952இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் லைட்ஹில் என்ற கணிதவியலாளர் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதிரும் தோல், அடிபடும் உலோகம் எதுவும் இல்லாமல், வெறும் காற்றுக் கொந்தளிப்பிலிருந்தே ஒலி எப்படிப் பிறக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டிய கட்டுரை அது. அதில் வரும் ஒரு விதியை எங்கள் அறையில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஜெட் பீறிடும் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்ப ஒலியின் திறன் ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி 256இல் ஒரு பங்காகும். ஒலியை அளக்கும் டெசிபலில் 24 குறையும். இன்றைய எஞ்சின்களின் முன்புறத்தில் அவ்வளவு பெரிய விசிறி இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். கொஞ்சம் காற்றை வெறிகொண்டு தள்ளுவதற்குப் பதில் நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுகிறார்கள். ஏர்பஸ்ஸின் ஏ320 நியோ விமானத்தில் வரும், விசிறியைப் பல்சக்கரம் வழியே சுழற்றும் டர்போஃபேன் எஞ்சினில் மையத்துக்குள் ஒரு பங்கு காற்று போனால், அதைச் சுற்றி வெளியே சுமார் பன்னிரண்டு பங்கு போகிறது. எரிபொருளும் மிச்சம், சத்தமும் மிச்சம்.

எஞ்சின் அடங்கியதும் வேறு ஒன்று கேட்க ஆரம்பித்தது. விமானத்தின் உடம்பு. இறங்கும்போது எஞ்சினைத் தணித்து வைத்திருப்பார்கள். சக்கரங்கள் வெளியே தொங்கும், இறக்கையின் முன்னும் பின்னும் மடிப்புகள் விரிந்திருக்கும். மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் அத்தனை மூலைமுடுக்கிலும் காற்று மோதும். அந்தச் சத்தம் எஞ்சினோடு போட்டி போடும் அளவுக்கு வரும். என் வேலை அங்கேதான்.

இரவு பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாமா பையனோடு நடந்தோம். ஒரு கடையில் கோலி சோடா. குடித்து முடித்ததும் பையன் பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதினான். ‘ஊம்’ என்று ஒரு நாதம். நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏ320 குடும்ப விமானங்கள் இறங்கும்போது தரையில் இருப்பவர்களுக்கு ஒரு சீழ்க்கை கேட்டுக்கொண்டிருந்தது. காரணம் இதே பாட்டில்தான். இறக்கையின் அடிப்பக்கத்தில், எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தை வெளியேற்றுவதற்காக ஒரு சாணுக்கும் குறைவான வட்டத் திறப்புகள் இருக்கின்றன. காற்று அவற்றின் விளிம்பைத் தாண்டும்போது குழி ஊதப்படுகிறது. ஜெர்மனியின் விமான ஆராய்ச்சி மையம் மைக்குகளை வரிசையாகப் பரப்பி இதைக் கண்டுபிடித்தது. திறப்புக்குச் சற்று முன்னால் ஒரு சிறு தகடு வைத்தால் போதும், காற்று கலைந்து போகும், குழி ஊதப்படாது. 2014இல் ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா தன் விமானங்களில் இதைப் பொருத்தத் தொடங்கியது. ஓடுபாதைக்குப் பத்து முதல் பதினேழு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ஊர்களில் 4 டெசிபல் வரை குறைந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகடு!

பையனிடம் பாட்டில் வாய்க்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு ஊதச் சொன்னேன். நாதம் வரவில்லை. அவன் விரலை எடுத்து எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டே வீடுவரை வந்தான். காலி பாட்டிலுக்குக் கடைக்காரரிடம் நான் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள், ஜூன் 11, காசிமேடு

மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாட்கள் இவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. காசிமேடு துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நெருக்கமாக நிற்கின்றன. ஒன்றின் மேல் கால் வைத்து அடுத்ததற்குத் தாண்டி, துறைமுகத்தின் பாதித் தூரத்தைக் கடந்துவிடலாம். பெயின்ட் அடிக்கிறார்கள், பலகை மாற்றுகிறார்கள், வலை பின்னுகிறார்கள். மீன் வாடை குறைந்து, பெயின்டும் டீசலும்தான் மணக்கின்றன.

நான் போனது காலை எட்டு மணிக்கு. நிலத்திலிருந்து கடலை நோக்கிக் கச்சான் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கரையில் நின்றபோதே கேட்டது. முதலில் ஏதோ மோட்டார் என்று நினைத்தேன். கூர்ந்து கேட்டால் பல குரல்கள். படகுகளின் கம்பங்களை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகள் காற்றில் பாடிக்கொண்டிருந்தன. காற்று ஏறினால் சுருதி ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. ஆராய்ச்சி அறையில் எத்தனையோ முறை உண்டாக்கிய ஒலிதான். ஆனால் நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கேட்டதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இந்த நாதத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர் செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ட்ஸ் ஸ்ட்ரௌஹால். ஆண்டு 1878. கம்பியைத் தாண்டும் காற்று அதன் பின்னால் நேராகப் போவதில்லை. இடது பக்கம் ஒரு சுழல் கழலும், பிறகு வலது பக்கம் ஒன்று, பிறகு இடது. ஒவ்வொரு சுழலும் கழலும்போது கம்பியை ஒரு பக்கம் தள்ளும். அந்தத் தள்ளல்தான் ஒலி. ஒரு பக்கத்தில் வினாடிக்கு எத்தனை சுழல் கழலும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சுண்டுவிரல் தடிமன், அதாவது பத்து மில்லிமீட்டர் கம்பி, வினாடிக்கு எட்டு மீட்டர் காற்று என்றால் 160 ஹெர்ட்ஸ். ஓர் ஆணின் பேச்சுக்குரலின் சுருதி.

விமானத்தின் சக்கரத் தொகுதியை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு சிறு படகுக் கம்பம்தான். பெரிய தண்டு, குறுக்குத் தண்டுகள், எண்ணெய்க் குழாய்கள், மின்கம்பிகள், போல்ட்டுகள். ஒவ்வொன்றும் தன் தடிமனுக்கேற்ற சுழல்களை உதிர்க்கும். ஒன்று உதிர்த்த சுழல் பின்னால் இருக்கும் இன்னொன்றின்மேல் மோதும்போது அது இன்னும் பலமாகக் கத்தும். நாசா நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் ஒன்றில் சக்கரத் தண்டுகளுக்கு முன்னால் பொடித் துளைகள் நிறைந்த கவசம் போட்டார்கள், இறக்கையின் மடிப்பை இடைவெளி இல்லாமல் வளையும்படி செய்தார்கள், சக்கரம் வெளியே வந்தபின் வாய் திறந்து கிடக்கும் குழியின் குறுக்கே ஒரு வலையை இழுத்துக் கட்டினார்கள். எல்லாம் சேர்ந்து விமான உடம்பின் இரைச்சல் 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. வலை என்றது வெறும் உவமை அல்ல, கண்ணி கண்ணியாக நிஜ வலையேதான். கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் நூலை மாட்டி வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஊசியை நிறுத்தி, “என்ன கண்ணி?” என்று கேட்டார். எவ்வளவு அகலக் கண்ணி என்கிறார். வலை என்றால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். அளவு என் நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம்.

நீலமும் மஞ்சளும் அடித்த ஒரு படகில் பலகைமேல் ஏறி நடந்தபோது, பின்பக்கத்து இரண்டு கம்பிகள் மட்டும் பாடவில்லை. காற்று அதே காற்று. பக்கத்துப் படகின் கம்பி காதருகே முனகுகிறது, இது சும்மா இருக்கிறது. குனிந்து பார்த்தேன். கம்பியைச் சுற்றிப் பழைய நைலான் கயிறு ஒன்று, மேலிருந்து கீழ்வரை மலைப்பாதைபோல வளைந்து வளைந்து இறங்குகிறது. சுற்றுக்குச் சுற்று மூன்று விரல் இடைவெளி. இரண்டு முனையிலும் இறுகிய முடிச்சு. வெயிலில் வெளுத்து, உப்பு பூத்து, பல வருடக் கயிறு என்று பார்த்தாலே தெரிந்தது.

படகோட்டி அண்ணன் எஞ்சின் அறையிலிருந்து கரியும் கையுமாகத் தலையை நீட்டினார். இந்தக் கயிறு எதற்கு அண்ணா என்றேன்.

“அங்கேதானே நாங்கள் படுப்போம். ராத்திரி முழுக்க அழுதுகொண்டே இருந்தது. கயிற்றைச் சுற்றினேன், நின்றுவிட்டது.”

யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

“முதலில் துணி சுற்றினேன். அப்போதும் அழுதது. அப்புறம் கயிற்றை நெருக்கிச் சுற்றினேன், குரல் தடித்ததே தவிர நிற்கவில்லை. இடம் விட்டுச் சுற்றினேன், நின்றது.”

நான் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெருக்கிச் சுற்றினால் கம்பி தடிமனாகிறது, அவ்வளவுதான். சுருதி இறங்கும், ஒலி நிற்காது. இடம் விட்டுச் சுற்றும்போது நிலைமையே வேறு. கம்பியின் ஒவ்வோர் அங்குலத்திலும் கயிறு வேறு பக்கத்தில் இருக்கிறது. சுழல் கழலும் இடமும் நேரமும் அங்குலத்துக்கு அங்குலம் மாறிவிடுகின்றன. கம்பி முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தள்ளப்பட்டால்தான் அந்த நாதம் வரும். ஒன்றுகூடிக் கோஷம் போட்ட கூட்டத்தில் ஆளுக்கொரு நேரத்தில் கத்தவைத்ததுபோல அது கலைந்துவிடுகிறது. காற்றை யாரும் நிறுத்தவில்லை. சுழல்களின் ஒற்றுமையைக் குலைத்தார், போதும். மூன்று சோதனை, ஒவ்வொன்றின் முடிவையும் காதால் சரிபார்த்திருக்கிறார். எங்கள் அறையில் செய்வதும் இதுதான். பல நேரம் இவ்வளவு தெளிவாகச் செய்வதில்லை.

மூன்றாம் நாள், ஜூன் 12, மணலி, எண்ணூர்

கயிறு மனதிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் காலையில் பஸ் பிடித்து மணலிக்குப் போனேன். தொழிற்சாலைப் பகுதியில் நான் தேடியது கிடைத்தது. ஒல்லியான ஓர் எஃகுப் புகைபோக்கி. அதன் மேல்பகுதியைச் சுற்றித் திருகாணி மரைபோல மூன்று தகடுகள் ஏறுகின்றன. தெரியாதவர்களுக்கு ஏதோ அலங்காரம் என்று தோன்றும். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூட்டன், வால்ஷ் என்ற இருவர் 1957இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. புகைபோக்கியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு உயரத் தகடு, ஒரு முழுச் சுற்றுக்குக் குறுக்களவைப்போல ஐந்து மடங்கு தூரம். அங்கே கவலை ஓசையைப் பற்றியது அல்ல, ஆட்டத்தைப் பற்றியது. சுழல்கள் தாளம் தப்பாமல் தள்ளினால் புகைபோக்கியே ஊசலாடி விரிசல் விடும். பத்து மில்லிமீட்டர் கம்பியின் ஐந்து மடங்கு ஐந்து சென்டிமீட்டர். மூன்று விரல் அகலம். காசிமேட்டு அண்ணன் வைத்த இடைவெளி.

பிறகு எண்ணூர் போனேன். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் தாங்கவில்லை, திரும்பிவிட்டேன்.

திரும்பும் வழியில், எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. சாலையை ஒட்டியே வீடுகள். வாசலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு புதிய விமானத்துக்குச் சான்று கொடுப்பதற்கு உலகம் முழுவதும் ஒரே முறை இருக்கிறது. இறங்கும்போது ஓடுபாதைத் தொடக்கத்துக்கு 2,000 மீட்டர் முன்னால் ஒரு மைக், ஏறும்போது ஓட்டம் தொடங்கிய இடத்திலிருந்து 6,500 மீட்டரில் ஒன்று, பக்கவாட்டில் 450 மீட்டரில் ஒன்று. மூன்றிலும் தேறினால்தான் அது பறக்கலாம். மேலே பறப்பதற்கு இவ்வளவு காது கொடுக்கிறோம். இந்தக் குழந்தையின் தலைமாட்டில் யாரும் மைக் வைப்பதில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதி இருக்கிறது, லாரியும் ஓடுகிறது. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. என் ஆராய்ச்சியின்மேல் அல்ல. அந்த அக்கறை இங்கே வந்து சேராததன்மேல்.

நான்காம் நாள், ஜூன் 13, பெரம்பூர், மறுபடியும் மொட்டைமாடி

காலையில் பெரம்பூர் ஸ்டேஷன் நடைமேடையில் ஒரு மணி நேரம் நின்று, மின்சார எஞ்சின்களின் தலையில் இருந்து மேலே ஓடும் மின்கம்பியைத் தொடும் கையான பான்டோகிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில்தான் 1955 முதல் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. முதல் வந்தே பாரத் 2018இல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். ரயில்கள் வேகமெடுக்க எடுக்க, தண்டவாளச் சத்தத்தைக் காற்றின் சத்தம் முந்திவிடும். ஜப்பானில் புல்லட் ரயில் 300 கிலோமீட்டர் வேகத்தை எட்டியபோது, கம்பியைத் தொடும் அந்தக் கைதான் பெரிய தொல்லை. அங்கே குடியிருப்புகளை ஒட்டி 70 டெசிபல்தான் எல்லை. நாகாட்சு என்ற பொறியாளர் பறவை பார்ப்பவர். ஆந்தையின் இறக்கையிலிருந்து யோசனை எடுத்து, பான்டோகிராஃபில் சிறு சிறு முளைகளை வைத்துப் பெரிய சுழல்களைப் பொடிச் சுழல்களாக்கினார்கள். 1997இல் அந்த ரயில் ஓடத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாட்டின்போது இந்த ஆந்தைக் கதையை மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பக்கத்துத் தெருவில் புறா வளர்க்கும் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகம், அதற்குள் ஓர் இறகு. தெருக்கோடியில் இடிந்த கிடங்கு ஒன்றில் கூகை குடியிருக்கிறதாம். வெள்ளை முகம், இதய வடிவம். கீழே விழுந்து கிடந்த இறகை வீட்டில் வைக்க அவன் அம்மா விடவில்லை. வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அவனுக்கோ தூக்கிப் போட மனமில்லை.

இறக்கையின் நுனியில் இருக்கும் வெளி இறகு அது. எத்தனை வருடங்களாகப் படங்களில் பார்த்திருக்கிறேன்! கையில் வாங்கியபோது விரல் நடுங்கியது. முன் ஓரத்தில், சீப்புப் பல்லைப்போல மிக நுண்ணிய கொக்கிகள், ஒரே சீராக வெளிப்பக்கம் வளைந்து நிற்கின்றன. விரல்நுனியால் மெதுவாக வருடினால் பூனை நாக்கின் சொரசொரப்பு. பின் ஓரம் வெட்டியதுபோல முடியவில்லை. பழைய பட்டுப்புடவையின் முந்தானைக் குஞ்சத்தைப்போல நூல் நூலாகப் பிரிந்து காற்றிலேயே கரைகிறது, எங்கே இறகு முடிகிறது, எங்கே காற்று தொடங்குகிறது என்று சொல்லவே முடியாதபடி. மேல்பரப்பு முழுவதும் வெல்வெட். இந்த மூன்றையும் 1934இல் ஆர்.ஆர். கிரஹாம் என்பவர் பிரிட்டனின் விமானவியல் சங்க இதழில் எழுதிவைத்தார். மீனைப் பிடித்துத் தின்னும் ஆந்தைகளுக்கு இந்த ஏற்பாடு இல்லை என்பதையும் அவர் கவனித்தார். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு இறக்கைச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? எலிக்குக் கேட்கும். இன்னொன்றும் உண்டு. கூகை இருட்டில் காதால்தான் வேட்டையாடுகிறது. தன் இறக்கை இரைந்தால் எலியின் நடமாட்டம் தனக்கே கேட்காது.

பின் ஓரம்தான் என் தனிப்பட்ட ஆராய்ச்சி. இறக்கையின்மேல் ஊர்ந்து வரும் கொந்தளிப்பு, ஓரம் சட்டென்று முடியும் இடத்தில் ஒலியாக உடைகிறது. ஓரத்தை ரம்பப்பல்லாக வெட்டினால், ஒரே கணத்தில் நீளம் முழுவதும் உடையாமல் பல்லுக்குப் பல் தள்ளித் தள்ளி உடையும். மறுபடியும் அந்தக் கயிறுதான். காற்றாலைகளின் இறக்கை நுனியில் இன்று இந்தப் பற்களைப் பரவலாகப் பார்க்கலாம். போயிங் 787இன் எஞ்சின் கூட்டின் பின் ஓரமும் பல் பல்லாக இருக்கும். அது வேறு காரணம், ஜெட்டும் வெளிக்காற்றும் மெல்லக் கலப்பதற்காக. ஆனால் அதற்குக் கொஞ்சம் உந்துவிசையை விலையாகக் கொடுக்கவேண்டும். பிறகு வந்த 777எக்ஸில் பற்களை விட்டுவிட்டார்கள். சத்தத்தைக் குறைப்பது ஒருபோதும் இலவசமாக வருவதில்லை. எடை, எரிபொருள், பராமரிப்பு என்று யாராவது எதையாவது கொடுத்தாகவேண்டும். ஆந்தையின் பட்டு இறகும் மழையில் சீக்கிரம் நனைந்துவிடும்.

மாமா கூண்டைத் திறந்து ஒரு ஹோமர் புறாவை எடுத்தார். இரண்டு கால்களையும் விரலிடுக்கில் பிடித்து, மறுகையால் இறக்கையை விசிறிபோல விரித்துக் காட்டினார். வெளி இறகின் ஓரம் பிளேடைப்போல இருந்தது. வழவழப்பு, விறைப்பு. வேகத்துக்கென்று வளர்த்த பறவை. பறக்கவிட்டபோது படபடவென்று கை தட்டியதுபோல எழுந்தது. உதிர்ந்த புறா இறகு ஒன்றைக் கூண்டுக்கு அடியிலிருந்து எடுத்தேன். அதைக் காதருகில் வீசினேன், ‘விஸ்’ என்றது. கூகையின் இறகை அதே வேகத்தில் வீசினேன். ஒன்றுமே இல்லை. பையன் வாங்கி வீசினான். அவன் கண்கள் விரிந்தன. மறுபடி மறுபடி வீசினான்.

பிறகு இரண்டையும் மாமாவிடம் கொடுத்தான்.

மாமா சட்டைப் பையிலிருந்து காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிப் புறா இறகை வீசினார். கூகை இறகை வீசினார். மாற்றி மாற்றி நாலைந்து தரம். எங்கள் முகத்தைப் பார்த்தார். உதட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நாங்கள் பேசவில்லையே.

“எனக்கு இரண்டும் ஒன்றுதான் கண்ணு” என்றார்.

அந்த ‘விஸ்’ உயர்ந்த ஒலி. தறிக்கூடம் முதலில் எடுத்துக்கொண்டது அதைத்தான். எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கையில் இறகு போனதைத் தடுக்காமல் நின்றேன். அத்தை கீழேயிருந்து காபிக்குக் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று.

இருட்டிய பிறகு பையனும் நானும் போய் இறகைக் கிடங்குச் சுவரின் மேல் வைத்துவிட்டு வந்தோம். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை, அதன் இறகை வைத்துக்கொள்ளக்கூடாது. படம் எடுத்துக்கொண்டேன். நாங்கள் திரும்பும்போது தலைக்கு மேலே வெள்ளையாக ஏதோ கடந்தது. நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஐந்தாம் நாள், ஜூன் 14, காசிமேடு, இரவு

நாளை அதிகாலைக்குள் படகுகள் கிளம்பும். சாயங்காலத்திலிருந்தே காசிமேடு திருவிழாவாகிவிட்டது. ஐஸ் லாரிகள், டீசல் டிரம்கள், தண்ணீர்க் கேன்கள், அரிசி மூட்டைகள். பூசணிக்காய் உடைக்கிறார்கள், படகின் முகப்புக்கு மாலை போடுகிறார்கள். அறுபது நாள் வருமானம் இல்லாமல் இருந்த வீடுகள் இவை. பெண்கள் கரையில் நின்று சாமான்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்தான் வருகிறேன் என்றார். நேற்றைய விஷயத்தை இருவருமே பேசவில்லை.

நீல மஞ்சள் படகில் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு பலகையைப் போட்டார். “வாங்க பெரியவரே, பார்த்து” என்று மாமாவின் கையைப் பிடித்து ஏற்றினார். பத்து மணிக்குமேல் நிலக்காற்று எழுந்தது. முதலில் விட்டுவிட்டு, பிறகு சீராக. துறைமுகம் முழுவதும் கம்பிகள் ஒவ்வொன்றாகப் பாட ஆரம்பித்தன.

அண்ணன் முன்பக்கத்து இரண்டு கம்பிகளுக்குக் கயிறு சுற்றவில்லை. அங்கே யாரும் படுப்பதில்லையாம். கம்பத்தில் சாய்வதற்காக மாமா கையை நீட்டியபோது முன்பக்கத்துக் கம்பி ஒன்றைப் பிடித்தார். பிடித்தவர் கையை எடுக்கவில்லை. குனிந்து கம்பியைப் பார்த்தார். மெதுவாகப் பிடியைத் தளர்த்தி, இரண்டு விரல்நுனி மட்டும் படும்படி வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது கைவிட்ட இடத்திலும் விரல் உணரும். 200, 250 ஹெர்ட்ஸ் அதிர்வைத்தான் விரல்நுனி மிக நுட்பமாக அறியும், கம்பி பாடுவது அதற்குச் சற்றுக் கீழே.

“இது தறி மாதிரி ஓடுகிறதே” என்றார்.

அவர் கையைப் பிடித்துப் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனேன். கயிறு சுற்றிய கம்பியில் விரலை வைத்தேன். கயிற்றின் மேடுபள்ளத்தை முதலில் தடவினார். பிறகு கயிற்றுக்கு இடையில் தெரிந்த வெறும் கம்பியில் விரல்நுனியை வைத்துக் காத்திருந்தார். மறுபடியும் முன்பக்கம் போனார், தொட்டார். திரும்பி வந்தார், தொட்டார். யாரும் அவரிடம் எதையும் விளக்கவில்லை. அண்ணன் டீசல் குழாயைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஓடவில்லை” என்றார் மாமா. “நின்றுவிட்டது.”

பிறகு அண்ணனிடம் திரும்பி, எத்தனை முழம் கயிறு ஆயிற்று, ஏன் இத்தனை இடைவெளி, நனைந்தால் தளராதா என்று கேட்க ஆரம்பித்தார். அண்ணன் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பதில் சொன்னார். எஞ்சின் இரைச்சலோடு வாழ்பவர்களுக்கு அப்படிப் பேசத் தெரிந்திருக்கிறது. எஞ்சினைப் போட்டுப் பார்க்கும் நேரம் வந்ததும் எங்களைக் கரையில் இறக்கிவிட்டார்கள். மாமா கடைசிப் படகு தெரியும்வரை அங்கேயே நின்றார். எனக்குக் காலை ஆறு மணிக்கு ரயில்.